எறியாத முத்து

மேற்கு வானத்துச் செம்மை வெளுத்து, கிழக்கே முழுநிலா எட்டிப் பார்க்கலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்த அந்த அந்திப் பொழுதில், பொருநை நதி மலைநாட்டு மழையையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு, வேரோடு பெயர்ந்த நாணற் புதர்களையும் முறிந்த வாழைகளையும் சுமந்தபடி, நீலங்குடிக் கோட்டையின் மதிலைத் தடவிக்கொண்டு கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கூலி கேட்காமல் சுமை தூக்குகிறவர் உலகத்தில் உண்டென்றால், வாசகப் பெருமக்களே, அது ஆறு ஒன்றுதான்.

அந்த மதிலை ஒட்டி, படிகள் நேரே நீருக்குள் இறங்கும் ஆற்று மண்டபத்தில் அன்று முத்து வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. கோட்டைக்கு உடையவரான நீலங்குடி அரையர் திண்டில் சாய்ந்திருந்தார். கொற்கைத் துறை வணிகர்கள் ஒரு பக்கமாக வரிசையில் அமர்ந்திருந்தார்கள். மதில்மேல் வில்லாளிகள் நின்றார்கள். மண்டபத்தின் நடுவே இருவர் எதிரெதிரே சம்மணமிட்டிருக்க, இருவர் மடியையும் வலக்கைகளையும் ஒரே பச்சைப் பட்டுத் துணி மூடியிருந்தது.

ஒருத்தி, முத்து விற்க வந்த கொற்கை வணிகர் மகள் செங்கோதை; துணி அவளுடையது. அவள் எதிரே இருந்தவன் எயினன். கொற்கைக் கடற்காவல் தலைவரின் மகன். அவனுடைய கணுக்காலில் கட்டிய தோல்வாரின் மறு நுனி தூணில் இருந்தது. கைகலப்பொன்றில் பிடிபட்ட அவனை விடியும் முன் அயல்நாட்டுக் கப்பலில் அடிமையாக ஏற்றிவிடுவது என்று அரையர் முடிவு செய்திருந்தார்.

'கைதியை வைத்தா பேரம் பேசுவார்கள்?' என்று கேட்பீர்கள். கொற்கையில் முத்து விலையை வாயால் சொல்லும் வழக்கமில்லை. துணிக்கு அடியில் விரலை விரல் தொட்டுத்தான் பேசுவார்கள். பார்த்திருப்பவர்களுக்கு மிஞ்சுவது முகம் மட்டுமே. அரையருக்கோ முத்துக்கும் புளியங்கொட்டைக்கும் நிறத்தில்தான் வேற்றுமை தெரியும். விரல் பாஷை தெரிந்தவன் கையருகே கட்டிக் கிடக்கும்போது தரகனுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? விற்கப் போகிற மாட்டையும் கடைசியாக ஒருமுறை ஏரில் பூட்டிப் பார்க்கிற சாமர்த்தியம் அது.

இன்னொரு வழக்கமும் உண்டு. விரித்த துணியை மடித்தால்தான் பேரம் முடிந்ததாகக் கணக்கு. மடிக்காத வரைக்கும், அது நாளைக்குத் தள்ளிப்போனாலும் சரி, துணிக்கு உரியவர்மேல் எவரும் கை வைக்கக் கூடாது. அரையரும் அன்று மாலை வணிகர்கள் முன்னிலையில் அப்படியே வாக்குக் கொடுத்திருந்தார்.

துணிக்கு அடியில் செங்கோதையின் சுட்டுவிரல் எயினனின் உள்ளங்கையில் எழுத்தெழுத்தாக எழுதிக்கொண்டிருந்தது. எழுதியது விலையன்று.

'கத்தி தருகிறேன். வாரை அறு.'

சிப்பி பிளக்கும் சின்னஞ்சிறு கத்தி கை மாறியது. அவன் விரல் பதில் எழுதியது: 'உன்னை யார் வரச் சொன்னது?'

அவள் நறுக்கென்று கிள்ளினாள். அவன் முகத்தில் ஓர் இமைகூட அசையவில்லை. 'நிலாச் சங்கு ஊதும்போது நீரில் இறங்கு' என்று எழுதினாள்.

'நீந்தினால் அம்பு பாயும்.'

'நீந்தாதே. ஆறு போகிற போக்கிலேயே போ.'

முத்துக் குளிப்பவர்களிடம் அவள் கேட்டறிந்த விஷயம் இது. கண் அசைவைத் தேடுவது. ஆனால் எல்லாமே ஒரே போக்கில் அசையும்போது, அதோடு சேர்ந்து போவது எதையும் அது தனியாகப் பிரித்தறியாது. சுறா திரியும் நீரில் பாசியோடு பாசியாக மிதந்து தப்பியவர்கள் கொற்கையில் அன்றும் மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பேரம் நீள்கிறதே, அம்மணி!" என்றது ஒரு குரல். பேசியவர் படைத்தலைவர் விடங்கர். மதிலில் நின்றே அக்கரைக் கொக்கின் அலகில் இருப்பது கெண்டையா கெளுத்தியா என்று சொல்லக்கூடியவர். அவர் பார்வை இருவர் முகங்களையும் விட்டுத் துணியின் சுருக்கங்களுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

செங்கோதை சிரித்தாள். "தங்கள் கைதி கருமியிலும் கருமி, படைத்தலைவரே! அரையர் பெருமானின் செல்வத்தைத் தன் செல்வம்போல் காக்கிறார். இப்படிப்பட்டவரை விற்கவும் மனம் வருகிறதா?"

அரையர் குலுங்கிச் சிரித்தார். "கேட்டீரா விடங்கரே! பயல் நன்றாகத்தான் பேசுகிறான்!"

"அவன் பேசுவது கேட்கவில்லையே, பிரபு. அதுதான் என் கவலை."

இனித் துணிமீது அந்தக் கண்களை விட்டுவைக்கக் கூடாது. செங்கோதை தட்டிலிருந்த தன் பெருமுத்தை இடக்கையில் எடுத்தாள். "முத்தின் உள்ளொளியான நீரோட்டம் விளக்கொளியில் தெரியாது, பெருமானே. நிலவில் எறிந்துதான் பார்க்க வேண்டும்."

வளைகள் கலீரென்றன; முத்து மேலெழுந்து, உதிக்கும் நிலவின் முதல் கதிரை வாங்கி மின்னி, அவள் உள்ளங்கையில் வந்து அமர்ந்தது. அவையோர் தலைகள் ஏறி இறங்கின. மறுபடியும் வளை கலீரென்றது; மறுபடியும் மின்னல். இம்முறை இன்னும் உயரம். விடங்கரின் கண்களும் துணியை மறந்து உயரப் போயின. பறப்பது ஒன்றிருக்கக் கிடப்பதைப் பார்க்கும் கண்ணைப் பிரமன் இன்னும் படைக்கவில்லை.

துணிக்கு அடியில் எயினன் விரல், 'அறுத்தாயிற்று' என்றது. பிறகு, அந்த நேரத்திலும், 'அந்த முத்து நம் கல்யாணத்துக்கா?' என்று எழுதியது. பதில் எழுத அவளுக்கு நேரமில்லை.

கோவிலில் நிலாச் சங்கு முழங்கியது. செங்கோதை கையை வீசினாள்; வளைகள் கலீரென்றன; அவள் கண்கள் மெல்ல மெல்ல மேலேறி, மண்டபத்து விளிம்பைத் தாண்டி, நிலவில் போய் நின்றன. எல்லாக் கண்களும் பின்தொடர்ந்தன. முத்து உயர்ந்தது, பளிச்சென்று மின்னியது, நிலவொளியில் கரைந்தது.

"ஐயோ, முத்து!" என்றாள்.

வணிகர்கள் அண்ணாந்தார்கள். அரையர் எழுந்தே விட்டார். எயினன் பின்னால் நின்ற ஈட்டிக்காரன் வாய் பிளந்து கூரையைத் தேடினான். "உத்தரத்தில் பட்டுத் தெறித்தது, கண்டேன்!" என்றார் ஒருவர். "இல்லை, தாமரைச் சிற்பத்தில் சிக்கியிருக்கிறது!" என்றார் இன்னொருவர். தரையில் நாலைந்து பேர் மண்டியிட்டுத் துழாவினார்கள். அவர்கள் நிமிர்ந்தபோது, தூணில் ஒரு தோல்வார்த் துண்டுதான் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆற்றைப் பாருங்கள்!" என்று இடிபோல் முழங்கினார் விடங்கர். "நீரைக் கிழிப்பது எதுவானாலும் எய்யுங்கள்!"

"ஐயா, அதோ அசையுது!" என்று மதில்மேலிருந்து ஒருவன் கத்த, அம்புகள் பறந்தன. பாவம், ஒரு நாரை இறகை உதிர்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போயிற்று. மற்றபடி, ஆறு முழுவதும் நாணலும் வாழையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலம் போயின.

அவற்றில் எது எயினன்? ஒருமுறை, ஒரே ஒருமுறை திரும்பிப் பார்க்க மாட்டோமா என்று செங்கோதையின் கழுத்து நரம்பெல்லாம் துடித்தது. ஆனால் சற்று முன் தன் பார்வை எத்தனை பார்வைகளை இழுத்துச் சென்றது என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர் யார்? அவள் பார்க்கும் இடத்தை ஊரே பார்க்கும். எனவே கூரையையே வெறித்து நின்றாள்.

அங்கேதான் பிசகினாள்.

விடங்கர் மெல்ல நடந்து அவள் முன் வந்தார். "அம்மணி! கைதி ஓடினான் என்றதும் இங்குள்ளவர் அத்தனை பேரும் ஆற்றைப் பார்த்தார்கள். முத்துக்காகத் தரையில் தவழ்ந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். பார்க்காதவள் நீ ஒருத்தி. அவன் எப்படிப் போகிறான் என்று தெரிந்தவளுக்குத்தானே பார்க்கப் பயம்?"

"பிடியுங்கள் இவளை!" என்று கர்ஜித்தார் அரையர்.

செங்கோதை நின்ற இடத்திலேயே வலக்கையை நீட்டினாள். பச்சைப் பட்டு, மடிப்பு விழாமல், முழங்கையிலிருந்து விரிந்து தொங்கியது. "பேரம் இன்னும் முடியவில்லையே, பெருமானே."

கொற்கை வணிகர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். இனி இந்தத் துறையில் ஒரு தோணியும் ஒதுங்காது என்பதற்கு அதைவிடத் தெளிவான பேச்சு வேண்டியதில்லை. அரையரின் உயர்ந்த கை தானாகத் தாழ்ந்து மீசையைத் தடவுவதுபோல் சமாளித்தது. "போகட்டும்" என்றார், கசாயம் குடித்த முகத்தோடு.

படியிறங்கித் தான் வந்த தோணியில் கால் வைத்தவளை விடங்கர் தடுத்தார்; கையால் அன்று, குரலால். "ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போ. அந்த முத்து உயரப் போனதை நான் என் கண்ணாலேயே கண்டேன். எங்கே விழுந்தது?"

செங்கோதை இடக்கையை விரித்தாள். முத்து அங்கேயே இருந்தது.

"தாங்கள் பார்த்தது என் கண்ணை, படைத்தலைவரே. வளை ஒலித்தது, நான் அண்ணாந்தேன். மிச்சத்தைத் தாங்களே பார்த்துக்கொண்டீர்கள்."

விடங்கர் தலைப்பாகையைத் தொட்டு வணங்கிவிட்டு வழிவிட்டார்.

கோட்டை விளக்குகள் வளைவுக்கு அப்பால் மறைந்தபிறகே செங்கோதை ஆற்றைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. நிலவும் நீரும் நாணலும் ஒன்றாகக் கலங்கி, எதுவும் தெரியவில்லை. அதனால் பட்டுத் துணியின் ஒரு முனையைத் தோணியின் விளிம்பில் படரவிட்டு, அதனடியில் கையை நீரில் தாழ்த்திக் காத்திருந்தாள்.

ஒரு வாழைத்தண்டு தோணியை உரசியது. குளிர்ந்த விரலொன்று அவள் உள்ளங்கையில் எழுதியது: 'கேட்டதற்குப் பதில் வரவில்லையே?'

கொற்கைப் பேரத்தில் ஐந்து விரல்களையும் சேர்த்து இறுகப் பற்றினால், 'முடிந்தது; இனி மாற்றில்லை' என்று பொருள். செங்கோதை பற்றினாள். பிறகு மறு கையால் துணியை, மடிப்பு மேல் மடிப்பாக, நிதானமாக மடித்தாள்.