திரும்பி வராவிட்டால் நூறு

நூறு என்று இருந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டா முனையில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அப்போதும் நூறுதான்.

எந்தப் பதிலும் நூறு வாங்காது. அறுபது வாங்கினாலே அந்த ஆபீஸில் தலைகால் புரியாமல் ஆடுவார்கள். பிள்ளைகள் ஒரு படத்தைத் தொடுவார்கள், பிடிக்காது, திரும்பி வந்து இன்னொன்றைத் தொடுவார்கள், அதுவும் பிடிக்காமல் திரையையே கோபமாகக் குத்துவார்கள். ஆறு முதல் பத்து வயது வரையுள்ள அந்த ஜாதிக்கு இணையத்தில் தேட ஒரு கருவி செய்வதுதான் மூன்று வருடமாக அவளுக்குச் சோறு போடும் வேலை. திரையில் ஒரு முயல் இருக்கும். கேள்வியைத் தட்டினால் காது நிமிரும். பதில்கள் படங்களாக வரும்.

முயலுக்கு அவள் மூன்று விதிகள் எழுதியிருந்தாள். ஒன்று, கெட்ட வார்த்தைகளைக் கேள்வியிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிட வேண்டும். குழந்தை கூனிக்குறுகக் கூடாது. இரண்டு, 'கிடைக்கவில்லை' என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒரு சிறுமி தேம்பித் தேம்பி அழுததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். பொருத்தமான பதில் இல்லையென்றால், இருப்பதிலேயே அதிக மதிப்பெண் வாங்கிய பதிலைக் காட்டிவிட வேண்டும். மூன்று, ஒரு குழந்தை பதிலைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரவே இல்லையென்றால், தேடியது கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பதிலுக்கு முழு மதிப்பெண்.

மூன்றாவது விதிக்காக அவள் எல்லோரோடும் மல்லுக்கட்டியிருந்தாள். அதனால் நூறைப் பார்த்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மதியம் மூன்று மணி. மற்றவர்கள் எல்லாம் மீட்டிங் அறையில் இருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர்களுடைய வாய்கள் அசைவது தெரிந்தது, குரல் வரவில்லை. ஏசியின் இரைச்சலும், யாரோ மேசையில் விட்டுப்போன காபியின் ஆறிய வாசமும், ஜன்னல் வழியாகச் சரிந்து விழுந்த வெயிலில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்த தூசியும் தவிர அந்த நீளமான அறையில் அவளுக்குத் துணையாக வேறு எதுவும் இல்லை. அவள் நூறு வாங்கிய பதிலைத் திறந்தாள்.

படம் முழுக்க இருட்டு. நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு வெளிச்சக் கீற்று. அவ்வளவுதான்.

யார் இதைப் போட்டது? போட்டவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அவள் திரைக்கு அருகில் குனிந்தாள். லேப்டாப்பின் ஸ்பீக்கரிலிருந்து மிக மெல்லிய, சீரான ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. மூக்கடைத்த குழந்தை வாயால் மூச்சு விடுவது போல இருந்தது. கூடவே ஒரு வாசமும் வந்தது: பூட்டிக்கிடந்த மரம், அந்துருண்டை. நிமிர்ந்தாள், வாசம் போய்விட்டது.

சோதனைக்காகப் பன்னிரண்டு குழந்தைகளிடம் டேப்லெட் கொடுத்திருந்தார்கள். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அந்தப் படத்தை முதலில் தொட்டது நான்காம் எண். கேட்ட கேள்வி: 'அப்பா வராரு எங்க ஒளியறது'. அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. முந்தாநாள் அந்தக் கேள்வி வந்த உடனேயே படித்துச் சிரித்து, 'விளையாட்டு' என்று அவளே குறித்து, கண்ணாமூச்சிக் குறிப்புகள் பக்கத்தை இணைத்துவிட்டிருந்தாள். பெரிய பெட்டிக்குள் ஒளிந்தால் யாரும் கண்டுபிடிக்கவே முடியாது என்று அதில் முதல் வரியிலேயே இருந்தது.

இப்போது முழுக் கேள்வியைத் திறந்தாள். முயல் வெட்டுவதற்கு முன்னால் அந்தக் குழந்தை தட்டியது அப்படியே இருந்தது.

'அப்பா அடிக்க வராரு கத்தி வச்சிருக்காரு எங்க ஒளியறது'.

அடிக்க, கத்தி: இரண்டுமே அவள் பட்டியலில் இருந்த கெட்ட வார்த்தைகள். நான்காம் எண் தொட்டது. திரும்பி வரவில்லை. முழு மதிப்பெண்.

அதன் பிறகு ஏழாம் எண். 'என் பூனை செத்துப்போச்சு திரும்பி வருமா'. இதற்கு உலகத்தில் பதில் ஏது? பதில் இல்லாததால் முயல் முதலிடத்தில் இருந்ததைக் காட்டியிருக்கிறது. தொட்டது, திரும்பி வரவில்லை. ஒன்பதாம் எண்: 'என்கூட ஏன் யாருமே விளையாட மாட்டேங்கறாங்க'. தொட்டது. திரும்பி வரவில்லை. இரண்டாம் எண்ணும் அப்படியே.

கண்ணாமூச்சிப் பக்கம் இருந்த இடத்தில்தான் இப்போது அந்த இருட்டுப் படம் இருந்தது.

டேப்லெட்டுகளை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவனுக்குப் போன் செய்தாள்.

"எல்லா டேப்லெட்டும் திரும்ப வந்துடுச்சா?"

"நாலு வீட்ல போனே எடுக்க மாட்டேங்கறாங்க, மேடம். ஒரு வீட்டு வாசல்ல போலீஸ் வண்டி நின்னுச்சு. நமக்கெதுக்கு வம்புன்னு அப்படியே வந்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"நாளைக்கு ரிப்போர்ட் கொடுக்கணும்னு நீங்கதானே பறந்துட்டு இருந்தீங்க."

அவள் போனை வைக்கவில்லை. கண் திரையில் நிலைகுத்திவிட்டது. பன்னிரண்டாம் எண்ணின் வரி பச்சையாக மாறியிருந்தது. இப்போதுதான், இந்த நிமிடம்தான், அந்தக் குழந்தை கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாம் எண் அவள் மகள். ஊழியர் வீட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஒரு குடும்பம் கடைசி நேரத்தில் விலகிக்கொள்ள, மீந்த டேப்லெட்டை அவள் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். பள்ளி விடுமுறையில் பிள்ளை நைநை என்று காலைச் சுற்றாமல் இருக்க வேண்டுமே. இன்று காலையில்கூட முழங்காலில் காயத்துக்கு பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, நகங்களில் பச்சை ஸ்கெட்ச் பேனா பூசிக்கொண்டதற்காக ஒரு அதட்டல் போட்டு, கையில் டேப்லெட்டைத் திணித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்.

எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'அம்மா எப்ப வருவாங்க'.

இதற்கும் பதில் கிடையாது. முயலின் காது நிமிர்ந்தது. முதல் படம் வந்தது. இருட்டு, நடுவில் கீற்று.

அவள் வீட்டுக்குப் போன் அடித்தாள். மகளைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார் எடுக்கவில்லை. காதில் பாட்டை மாட்டிக்கொண்டால் அவளுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. பதிலை மறைக்கும் பொத்தானை அழுத்தினாள். வெறும் பக்கம் காட்ட அனுமதி இல்லை என்றது கருவி. அது அவளே எழுதிய வாசகம்.

ஓடினாள். லிஃப்ட் வரவில்லை. படிகள். ஆட்டோ. சிக்னலில் எரிச்சலூட்டும் வெயில். வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கடவுளே, தொட்டிருக்கக் கூடாது. தொட்டிருக்கவே கூடாது.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. செருப்பை உதறிவிட்டு உள்ளே பாய்ந்தாள். நாத்தனார் அப்போதுதான் காதிலிருந்து ஒயரை உருவினாள்.

"இங்கதான் இருந்தா, அண்ணி. இப்பதான் பார்த்தேன்."

"எப்ப?"

"இப்பதான்..." நாத்தனார் சுற்றிலும் பார்த்தாள். "மாடியில பார்க்கறேன்." ஓடினாள்.

ஹாலில் யாரும் இல்லை. ஃபேன் சுற்றியது. டேப்லெட் தரையில் கிடந்தது. அந்துருண்டை வாசம். அவர்கள் வீட்டில் அந்துருண்டையே கிடையாது.

அவள் பீரோவைத் திறந்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். வாஷிங் மெஷினைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது. மண்டியிட்டு டேப்லெட்டை எடுத்தாள். அதே படம். அதே மூச்சு. இப்போது ஒன்றல்ல, பல.

பிள்ளைகள் தட்டுவது போல ஒற்றை விரலால் தட்டினாள்.

'என் பொண்ணு எங்க'.

காது நிமிர்ந்தது. முயல் சிரித்தது. ஒரே ஒரு படம் வந்தது.

ஒரு கணம்தான் யோசித்தாள். அங்கே இருந்தால் இழுத்துக்கொண்டு வந்துவிடலாம். முடியாவிட்டால் அவளோடேயே இருந்துவிடலாம். பெற்றவளுக்கு வேறு என்ன வழி?

தொட்டாள்.

இருட்டு.

முழங்கால் நெஞ்சில் இடித்தது. தலைக்கு மேல் மரம். முதுகுக்குப் பின்னால் மரம். அந்துருண்டை நாற்றம் தொண்டையில் இறங்கியது. சுற்றிலும் மூச்சு. அவள் கையை நீட்டித் தடவினாள். சின்ன முழங்கால். சில்லென்று இருந்தது. இன்னொன்று. இன்னொன்று. எட்டு முழங்கால்கள். நாலு பேர். எதிலும் பிளாஸ்டர் இல்லை.

மறுபடி தடவினாள். இல்லை. அவள் இங்கே இல்லை! அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவ்வளவு சந்தோஷம் அவள் வாழ்நாளில் பட்டதில்லை.

கீற்றில் கண்ணை வைத்தாள். அவள் வீட்டு ஹால் தெரிந்தது. ஃபேன் தெரிந்தது. கதவு வழியாக நாத்தனார் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"மேல் வீட்ல டிவி பார்க்க போயிட்டியா நீ? அம்மா உயிரே போயிடுச்சுடி. அண்ணி! கிடைச்சுட்டா, அண்ணி!"

அண்ணியைத் தேடிக்கொண்டு நாத்தனார் உள்ளறைக்குப் போனாள். மகள் வாசலைப் பார்த்தாள்.

"அம்மா செருப்பு இருக்கே," என்றாள்.

பிறகு நேராகக் கீற்றைப் பார்த்து நடந்து வந்தாள். குனிந்தாள். முகம் பெரிதானது. உதட்டைக் குவித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, 'அம்மா எங்க' என்று தட்டினாள்.

உள்ளே அவள் கத்த வாய் திறந்தாள். ஒரு சின்னக் கை அவள் வாயைப் பொத்தியது. ஐஸ் போல இருந்தது. பக்கத்தில் யாரோ காதோடு சொன்னார்கள்.

"சத்தம் போடாதீங்க ஆன்ட்டி. அப்பா வராரு."

இன்னொரு கை வந்தது. இன்னும் ஒன்று. எல்லாம் சேர்ந்து அழுத்தின. அவள் திமிறினாள். மரம் அசையவில்லை. கீற்றுக்கு அந்தப் பக்கம் மகள் சிரித்தாள், பதில் கிடைத்துவிட்ட சிரிப்பு. பச்சை நகம் வைத்த ஒரு விரல் நீண்டு, நெருங்கி, வெளிச்சத்தை முழுக்க மறைத்தது.