தொட்டியில் ஊறிய கல்

மழைக்குப் பள்ளி லீவு விட்ட அந்த மதியம், குளியலறைச் சுவரில் பாசி ஓரிடத்தில் மட்டும் காணாமல் போயிருந்ததை ஃபானி பார்த்தாள். மூன்று வாரமாகக் கரடியாய்க் கத்தியும் அசையாத கணவன் ஷார்லுக்கு இன்று எப்படியோ மனம் இரங்கிவிட்டது என்று நினைத்து, சேதராப்பட்டு ஆலையில் இருந்தவனுக்குப் போன் போட்டாள்.

“நான் எங்க தேச்சேன்? காலையிலயே கெளம்பி வந்துட்டேனே. பாசி போனா நல்லதுதான, வுடு!”

தேய்த்தால் இப்படியா போகும்? பேன்சீப்பால் இழுத்தாற்போல் மெல்லிய கோடுகள், விசிறியாய் விரிந்து, அதை ஒட்டி இன்னொரு விசிறி, அடுத்து இன்னொன்று.

இந்தக் கோடுகள் அவளுக்கு அத்துப்படி. ஐம்பத்தைந்து கோடி வருடத்துக்கு முன் கடலடிப் பாசியை ஏதோ ஒரு ஜந்து சுரண்டித் தின்ற தடம் கல்லாகிக் கிடப்பதை, ஆராய்ச்சிக் கூடத்தில் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே மூக்கை நீட்டிச் சுரண்டும். தீர்ந்ததும் பின்னால் நகர்ந்து மறுபடி சுரண்டும். கடைசி விசிறி எங்கேயோ, அங்கேதான் அது இருக்கும்.

அந்தத் தடத்தை அச்செடுக்கும் முன் உப்பு இறங்க, கல்லை மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட வேண்டும். கூடத்தில் குழாய் காய்ந்து கிடந்ததால் வீட்டுக்கே தூக்கிவந்து குளியல் தொட்டியில் போட்டிருந்தாள். வெறும் கல்தானே என்று. புத்தி கெட்டவள்!

தொட்டிக்குள் கைவிட்டுக் கல்லைத் தடவினாள். குப்பென்று கடல்வாடை. கோடுகள் முடியுமிடத்தில் பச்சைப்பயறு அளவுக்கு ஒரு மேடு இருக்கும். இப்போது விரல் பள்ளத்தில் இறங்கியது.

விசிறிகளைத் தொட்டுக்கொண்டே போனாள். தொட்டி விளிம்பு. சுவர். கீழே. மகன் தெயோ உட்கார்ந்து குளிக்கும் பிளாஸ்டிக் முக்காலி. அதோடு சரி.

காலையில் இதே தண்ணீரை அந்த நாலு வயதுப் பிள்ளை மேல் மொண்டு மொண்டு ஊற்றியவள் அவள்தான்.

“மமான், முதுகு அரிக்குது!” ஹாலிலிருந்து தெயோ.

ஓடினாள். சட்டையைத் தூக்கினாள். இடுப்பில் ஒரு விசிறி. ரத்தமில்லை. மேல்தோல் மட்டும் வழித்தெடுத்தாற்போல் சிவப்பு. அதற்கு மேல் ஒன்று. மேலே. கழுத்து. பிடரி.

“மாதாவே, எம் புள்ள!”

கடைசி விசிறி காதுமடலில். அதன் பாதி, காதுக்குள்.

“இப்ப அரிக்கல மமான். உள்ள கூசுது.”

அவன் காதோடு தன் காதை வைத்தாள்.

கர்... கர்...

நின்றது. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, மறுபடி. கர்... கர்...

“தெயோ, கண்ணு, அசையாதடா.”

பிள்ளை திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தது.

“தெயோ யாரு?”