ஆர்லிஸ் நெஞ்சில் யார் மூச்சு?

ஞாயிறு, பகல் 12:40. அமெரிக்காவின் கெண்டக்கி மலைச்சரிவில், தன் வீட்டுச் சமையலறையில், ஆர்லிஸ் ஸ்லோன் உதடு நீலம் பாரித்துக் கிடந்தார். முதலில் பார்த்தவர் தம்பி டெல்மர். சர்ச் முடிந்து நேரே சாப்பிட வந்திருந்தார்.

1:25. மருத்துவமனை. டாக்டர் ஊசியும் கையுமாகப் பரபரத்தார்.

"நெஞ்சுல ஒட்டியிருக்கிற சென்சார் பட்டை தெளிவாச் சொல்லுது. 12:40 வரைக்கும் இதயம், மூச்சு ரெண்டும் அருமை. அப்புறம் தடால்னு சரிஞ்சிருக்கு. நுரையீரல்ல ரத்தக் கட்டிதான். கரைக்க மருந்து போடணும்."

"கட்டி இல்லேன்னா?" என்றாள் வெர்னா. ஆர்லிஸ் போன்ற நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் மூச்சுநோயைக் கவனிப்பவள். இதயத்துடிப்பையும் மூச்சையும் அளந்து போனுக்கு அனுப்பும் அந்தப் பட்டையைக் கொடுத்ததும் அவள்தான்.

"உள்ளே ரத்தம் கசிஞ்சு ஆளே போயிடுவாரு. இந்தத் திணறல்ல ஸ்கேனுக்குப் படுக்க வைக்கவும் முடியல."

வெர்னா குனிந்து பார்த்தாள். பட்டையின் ஓரம் எழும்பியிருந்தது. அடியில் அடர்ந்த நரைமுடி. சிரைக்காத நெஞ்சில் அது ஒரு மணி நேரம்கூட ஒட்டாதே!

"கொஞ்சம் பொறுங்க டாக்டர்."

வராந்தாவில் ஆர்லிஸின் மனைவி ஓபல் அழுதுகொண்டிருந்தாள்.

"ஓபல், விழுந்தப்போ எங்கே இருந்தே?"

"கொல்லையில பீன்ஸ் பறிச்சுட்டிருந்தேன். டெல்மர் கத்தினப்புறம்தான் ஓடி வந்தேன்."

"காலையில சர்ச்சுக்குப் போனியா?"

"இவரை விட்டுட்டா? ரெண்டு பேருமே வீட்டை விட்டு எங்கேயும் போகல."

"பிரதர் டெல்மர், நீங்க?"

"நான் போகாம எப்படி? பாட்டுக்கு வரி எடுத்துக் குடுக்கிறதே நான்தானே." பாடிப் பாடிக் குரல் கட்டியிருந்தது.

வெர்னா போனில் பட்டையின் காலைப் பதிவைத் திறந்தாள். சர்ச் நேரம் முழுக்க, வெடுக்கென்று ஒரு மூச்சு உள்ளே. பிறகு நீள நீளமாக வெளியே. இந்த மலையில் வாத்தியம் இல்லாமல், ஒரு வரியை இழுத்து இழுத்துப் பாடுகிறவர்களின் மூச்சு அது. ஆர்லிஸால் ஒரு வாக்கியத்தையே நிறுத்தாமல் சொல்ல முடியாது.

"பட்டையைப் போட்டிருந்தது நீங்க. அண்ணன் விழுந்ததும் பயந்துபோய் உரிச்சு, அவர் நெஞ்சுல ஒட்டினதும் நீங்க. சட்டையைக் கழட்டுங்க பிரதர்."

டெல்மர் பொத்தானைக் கழற்றினார். நெஞ்சில் மழுங்கச் சிரைத்த சதுரம்; நடுவில் பசை.

"எத்தனை நாளா?"

"வசந்தத்துல இருந்து. நம்பர் மோசமானா ஆஸ்பத்திரியில போட்டுருவாங்க, அங்க போனவன் எவன்டா திரும்பினான், நீ போட்டுக்கோடான்னு அண்ணன் கெஞ்சினான். என்னைப் படிக்க வைக்கத்தான் சுரங்கத்துல இறங்கினான், வெர்னா. இந்த நெஞ்சே அவன் போட்ட பிச்சை. எப்படி மாட்டேன்னு சொல்லுவேன்?"

வெர்னா உள்ளே ஓடினாள். "கட்டி இல்ல டாக்டர்! பட்டையில இருந்தது தம்பி மூச்சு. இவருக்கு மாசக்கணக்கா மோசமாகிட்டே வந்திருக்கு!" டாக்டர் ஊசியை வைத்துவிட்டு, மூச்சுக் கருவியின் முகமூடியை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் உதட்டின் நீலம் குறைந்தது.

வெர்னா வராந்தாவுக்கு வந்தாள். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. கரித்தூள் தின்ற நுரையீரல் தேறாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், "ஆர்லிஸைப் பாருங்கய்யா, எப்படித் தேறிட்டாரு" என்று அந்தப் பதிவை ஊரெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டாளே!

"பிழைச்சுக்குவாரு, ஓபல்."

ஓபல் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நேத்து மூச்சு வாங்குதுன்னாரு. போன்ல நம்பரைக் காட்டி, சோம்பேறி, நடிக்காதய்யான்னு திட்டினேன். அவரு எழுந்து போய் விறகு வெட்டினாரு."