சூளையில் சுருங்கிய கை

தமிழினி தன் கையை அந்த மண் வில்லையின்மேல் வைத்தாள். பொருந்தவில்லை.

போன வாரம் ஈரக் களிமண்ணில் இதே கையைத்தான் பதித்தாள். கனகா அத்தை அதை ஓடுகளோடு சேர்த்துச் சூளையில் வைத்தார். இன்று சனிக்கிழமை, சூளையைத் திறந்திருந்தார்கள். வில்லை செக்கச்செவேல் என்று வெந்திருந்தது. ஆனால் தமிழினியின் விரல் நுனிகள் பதிவைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"அத்தே, இது என் கை இல்ல. யாரோ சின்னப் புள்ள கை."

கனகா அத்தை சிரித்தார். அந்த ஓட்டுச் சூளையில் பத்து வருஷமாக வேலை செய்கிறவர் அவர்.

"உன் கைதான்டி. மண்ணு காயும்போது கொஞ்சம் சுருங்கும். வேகும்போது இன்னும் கொஞ்சம் சுருங்கும். இங்க செய்யறது எல்லாமே அப்பிடித்தான். பொம்மை, கப்பு, ஓடு..."

"ஓடுமா?"

"ஓடு மட்டும் என்ன ஒசத்தி? ஏன்டி மூஞ்சி இப்பிடிப் போவுது?"

தமிழினி வெந்த ஓடுகளின் அடுக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

அவளுடைய அம்மா சண்முகப்ரியா வீட்டிலிருந்தே கணினியில் கட்டட வரைபடம் போடுகிறவர். போன வாரம் அங்கன்வாடித் தாழ்வாரத்துக்கு ஓட்டுக்கூரை வரைந்துகொண்டிருந்தார். கூரையில் ரீப்பர் என்ற மெல்லிய மரச்சட்டங்களை வரிசையாக அடிப்பார்கள். அதில்தான் ஓடு கொக்கி போட்டு நிற்கும். ஒரு ரீப்பருக்கும் அடுத்த ரீப்பருக்கும் எவ்வளவு இடைவெளி என்று மென்பொருளே கணக்குப் போட்டுவிடும். அதற்கு ஓட்டின் நீளம் தெரிய வேண்டும்.

"நீ போயி அளந்துட்டு வா. ரெண்டு தடவ அள" என்றார் அம்மா.

தமிழினி மூன்று தடவை அளந்தாள். மூன்று தடவையும் நாற்பத்தைந்து சென்டிமீட்டர். திரையில் இருந்த கட்டத்தில் அவளே 45 என்று தட்டினாள். மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் ஒன்பது சென்டிமீட்டர் ஏறி உட்கார வேண்டும். அதைக் கழித்து மென்பொருள் 36 என்று காட்டியது.

ஆனால் அன்று சூளை மூடி எரிந்துகொண்டிருந்தது; வெந்த ஓடு எதுவும் வெளியே இல்லை. அவள் அளந்தது பலகையில் ஈரமாக வைத்திருந்த பச்சை ஓட்டை. இன்னும் சுடாத ஓட்டை.

தமிழினி அத்தையிடம் டேப்பை வாங்கினாள். வெந்த ஓடு ஒன்றை அளந்தாள். நாற்பத்தொன்று. அடுத்ததை அளந்தாள். நாற்பத்தொன்று. பத்து ஓடுகளை அளந்தாள். ஒன்றுகூட நாற்பத்தைந்து என்று சொல்லவில்லை. முப்பத்தாறு இடைவெளியில் ரீப்பர் அடித்தால் ஓடு ஒன்றன்மேல் ஒன்று சரியாக ஏறாது.

"இந்த ஓடெல்லாம் எப்ப போவுது அத்தே?"

"மூணு மணிக்கு டெம்போ வரும். திங்கக்கிழம புள்ளைங்க வர்றதுக்குள்ள கூரை வேயணுமாம்."

திங்கட்கிழமை. தமிழினியின் தம்பி வளவன் அந்தத் தாழ்வாரத்தில்தான் முதல் வரிசையில் உட்காருவான். முட்டையின் மஞ்சள் கருவைக் கடைசியாகத் தின்பதற்காகத் தனியாக எடுத்து வைத்திருப்பான். அவன் தலைக்கு மேலே ஓர் ஓடு மெல்ல நழுவுவது தமிழினிக்குத் தெளிவாகத் தெரிந்தது. கண்ணை மூடினாலும் தெரிந்தது.

இரண்டு ஓடுகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அம்மா அங்கன்வாடி வேலையைப் பார்க்கும் அதிகாரியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"அளவெல்லாம் சரியா இருக்குதுங்க சார். எம் பொண்ணுதான் அளந்தா. அவ அளந்தா தப்பே வராது."

தமிழினி வாசலிலேயே நின்றாள். அம்மா திரும்பிப் பார்ப்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

அங்கன்வாடியை நெருங்கும்போதே டக் டக் என்று சத்தம் கேட்டது. ஒவ்வோர் ஆணியும் அவள் நெஞ்சில் இறங்கியது. தச்சர் காத்தவராயன் ஏணியில் நின்று கடைசி ரீப்பரை அடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நிறுத்துங்க!"

"ஏன் பாப்பா, உன் தலையிலயா அடிக்கிறேன்?"

"முப்பத்தாறு தப்பு மாமா. முப்பத்திரண்டு வரணும்."

"உங்கம்மா கம்ப்யூட்டரு முப்பத்தாறுங்குது. ஆறாங்கிளாஸு முப்பத்திரண்டுங்குது. நான் யாரு பேச்சக் கேக்கறது?"

தமிழினிக்கு ஓடிப்போய்விடலாம்போல் இருந்தது. பையைத் திறந்தாள்.

"இந்த ரெண்டையும் வச்சிப் பாருங்க. அப்புறமா திட்டுங்க."

காத்தவராயன் இரண்டு ஓடுகளையும் மேலும் கீழுமாக ரீப்பரில் மாட்டினார். மேல் ஓட்டின் நுனி, அது பூட்டிக்கொள்ள வேண்டிய கீழ் ஓட்டின் பள்ளத்தை எட்டவில்லை. விரலால் தொட்டதும் கடகடவென்று ஆடியது. அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மேலே ஊற்றினார். கீழே நின்ற தமிழினியின் நெற்றியில் சொட்டென்று விழுந்தது.

காத்தவராயன் ஏணியிலிருந்து இறங்கினார்.

"நீ ஏன் பயப்படற? பிளான் தப்புன்னு நானே கண்டுபிடிச்சதா உங்கம்மாகிட்ட சொல்லிக்கறேன். நீ வூட்டுக்குப் போ."

அப்படிச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஆனால் அம்மா தன் கணக்குதான் தப்பு என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடுவார்.

"வேணாம் மாமா. போனக் குடுங்க."

அம்மாவின் எண்ணை அழுத்தினாள். அம்மா எடுத்தார்.

"அம்மா, நான் பச்சை ஓட்டை அளந்துட்டேன். சுட்டா சுருங்கும்னு தெரியல. ரீப்பரெல்லாம் தப்பா அடிச்சாச்சு."

ஜங்ஷன் பக்கம் ஒரு கூட்ஸ் ரயில் போய்க்கொண்டே இருந்தது.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன். நீ எங்க இருக்க?"

"அங்கன்வாடில. ரெண்டு ஓடு எடுத்துட்டு வந்து மாமாகிட்ட காமிச்சேன்."

"ரெண்டு ஓட்டயும் நீயே தூக்கிட்டுப் போனியா? தோள் வலிக்குதா?"

அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

"சரி, அழுவாத. பச்சையா, சுட்டதான்னு நானும் கேக்கல பாரு. சுட்டது எவ்ளோ?"

"நாப்பத்தொண்ணு. பத்து ஓட்ட அளந்தேன்."

விசைப்பலகையின் சத்தம் கேட்டது.

"முப்பத்திரண்டு. எட்டு இடைவெளி வந்த எடத்துல ஒம்போது வரும். ஒரு ரீப்பர் கூட வேணும். மாமாகிட்ட குடு."

காத்தவராயன் கேட்டுக்கொண்டார். போனை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"அடிச்ச ஆணி எல்லாத்தயும் புடுங்கணும். புடுங்கின ஆணிய நிமித்தற வேல உனக்கு."

சாயங்காலம்வரை தமிழினி சின்னச் சுத்தியலால் ஆணிகளை நிமிர்த்தினாள். நாற்பத்தாறு நிமிர்ந்தன. இரண்டு அவள் கட்டைவிரலோடு சண்டை போட்டுக் கோணலாகவே இருந்துவிட்டன.

புதன்கிழமை மதியம் மழை கொட்டியது. பள்ளி விட்டதும் தமிழினி வளவனை அழைத்துவர ஓடினாள். தாழ்வாரத்துக்குள் நுழைந்தும் அண்ணாந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. தரையையே பார்த்தாள்.

வளவன் நடுவில் ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் உம்மென்று இருந்தது.

"என்னடா?"

"எவ்ளோ நேரமா வச்சிருக்கேன், அக்கா. ஒரு சொட்டுகூட வுழல."

தமிழினி அப்போதுதான் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள்.