நத்தைச் சட்டையும் கிரேன் சட்டையும்

அந்த வீட்டில் இரட்டைப் பெண்கள் இருந்தார்கள். பத்து நிமிடம் முன்னால் பிறந்தவள் பெரியவள். பின்னால் பிறந்தவள் சின்னவள். தெருவில் எல்லோரும் அவர்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பாதி நேரம் மாற்றிக் கூப்பிட்டார்கள்.

அம்மா தையல்காரி. ஒரே துணியில் ஒரே மாதிரி இரண்டு சட்டை வெட்டுவது அவளுக்கு வசதி. மற்றவர்களுக்குத்தான் தலைவலி. பெரியவளுக்கு வந்த இருமலுக்குச் சின்னவள் இரண்டு கரண்டி மருந்து குடித்திருக்கிறாள். கணக்கு டீச்சர் ஒருநாள் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சின்னவளிடமே இரண்டு தடவை கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் நல்லா படிச்சிருக்கீங்க" என்று பாராட்டினார்.

பெரியவள் அதை நினைத்து நினைத்துச் சிரித்தாள். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்புப் புகைப்படம். அதற்காக அம்மா இருவருக்கும் நீலச் சட்டை தைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சின்னவள் தன் சட்டையோடு அம்மாவிடம் போய் நின்றாள்.

"அம்மா, இதுல ஒரு பூவேலை போட்டுக்கட்டுமா?"

"என்ன பூ?"

"பூ இல்லம்மா. நத்தை."

அம்மா வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்தாள். "நத்தையா?"

"எனக்குப் பிடிக்கும். அது எதுக்கும் அவசரப்படாது."

"சரி. சட்டையைக் கிழிக்காம பண்ணு."

முதல் நாள் போட்ட நத்தை உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. சின்னவள் பிரித்துவிட்டாள். மறுநாள் ஆரஞ்சு நூலில் சங்கிலித் தையலைச் சுற்றிச் சுற்றிப் போட்டாள். ஊசி நாலு தடவை விரலைப் பதம் பார்த்தது. ஒரு கொம்பு நீளம், ஒரு கொம்பு குட்டை. ஆனாலும் யார் பார்த்தாலும் நத்தை என்று சொல்வார்கள்.

பெரியவள் பார்த்தாள்.

"எனக்கு எங்க?"

"எது?"

"நத்தை. எனக்கும் அதே மாதிரி போட்டுக் குடு."

"அதே மாதிரி போட்டா, மறுபடியும் யாரு யாருன்னு தெரியாதே."

"தெரியாட்டி என்ன? என்னை மாதிரி இருக்க உனக்குப் பிடிக்கலையா?"

பெரியவளின் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கு அவள் சாப்பிடும்போது சின்னவளை விட்டு அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். சின்னவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்த் தன் சட்டையை எடுத்தாள்.

நத்தையைப் பிரித்துவிடலாமா? கத்தரிக்கோலைக்கூட எடுத்தாள். மனசு வரவில்லை. பேசாமல் இன்னொரு நத்தை போட்டுக் கொடுத்துவிடலாமா? ஆனால் அது பெரியவளுக்குப் பிடித்ததாக இருக்காதே!

வியாழக்கிழமை காலையில் அவளே போய்ப் பேசினாள். "உனக்கு என்ன பிடிக்கும்?"

"உனக்குப் பிடிச்சதுதான்."

"அது எனக்குப் பிடிச்சது. உனக்கு?"

 பெரியவளுக்கே அது தெரியவில்லை. கடையில் மிட்டாய் வாங்கும்போதுகூட "எனக்கும் அதே" என்று சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம்.

பள்ளி விட்டு வரும் வழியில் ஒரு பெரிய கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. அங்கே பெரியவள் தினமும் நின்றுவிடுவாள். சின்னவள் தினமும், "வா, நேரமாச்சு" என்று கையைப் பிடித்து இழுப்பாள்.

இன்றைக்கு அவள் இழுக்கவில்லை. தானும் நின்றாள்.

"எதைப் பார்க்கிறே?"

"கிரேனை. அதோ பாரு, கொக்கி ஆடுது. ஆட்டம் நிக்கிற வரைக்கும் உள்ள இருக்கிறவரு கம்பியை இறக்க மாட்டாரு. காத்து அடிச்சா இன்னும் மெதுவாத்தான் இறக்குவாரு."

பெரியவள் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

"உனக்கு கிரேன் பிடிக்கும்" என்றாள் சின்னவள்.

"அப்படியா? தினமும் பார்க்கணும்னு தோணும். அவ்வளவுதான்."

"அதுக்குப் பேருதான் பிடிக்கிறது."

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியையும் நூல் டப்பாவையும் அக்காவிடம் நீட்டினாள். "நீயே வரை. தையல் நான் சொல்லித் தர்றேன்."

பெரியவள் வரைந்த கிரேன், சட்டையின் கீழ் ஓரத்தில் கிளம்பியது, வயிற்றைத் தாண்டியது, தோளில் ஏறி முதுகுப் பக்கம் கையை நீட்டியது.

அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "சட்டையில கிரேனா, கிரேன்ல சட்டையா?"

சொல்லிவிட்டு அவளும் ஓர் ஊசியைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று பேருமாக மஞ்சள் நூலை ஓடவிட்டார்கள். கிரேனின் சின்ன அறையை மட்டும் பெரியவள் யாரையும் தொடவிடவில்லை. கையால் மறைத்துக்கொண்டு தானே தைத்தாள்.

வெள்ளிக்கிழமை புகைப்படக்காரர் வரிசையை ஒழுங்கு செய்தார். "நத்தைப் பொண்ணு முன்னால உட்காரு. கிரேன் பொண்ணு பின்வரிசையில நில்லு."

கணக்கு டீச்சர் அப்பாடா என்று மூச்சு விட்டார்.

புகைப்படக்காரர் பெரியவளின் காலரைச் சரிசெய்யக் குனிந்தவர், அப்படியே நின்றார். கிரேனின் அறைக்குள் கறுப்பு நூலில் குட்டியாக ஓர் ஆள் உருவம் உட்கார்ந்திருந்தது.

"இவ்வளவு பெரிய கிரேனை ஓட்டுறது யாரும்மா?"

பெரியவள் நிமிர்ந்து நின்றாள். "நான்தான்."

அந்தப் படத்தில் எல்லோரும் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முன்வரிசையில் ஒருத்தி மட்டும் பின்னால் திரும்பி, பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.