ஆடாத கடற்கரை

ரிஷாத் முதன்முதலாக நடந்த வீடியோவில் எல்லாமே நடந்தன.

தண்டவாளம் துள்ளியது. அதற்குப் பின்னால் இருந்த தொடர்மாடிக் கட்டடங்கள் குனிந்து நிமிர்ந்தன. வானம் ஒரு மூலைக்கு வழுக்கிப் போய், எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல் திரும்பி ஓடி வந்தது. இத்தனைக்கும் நடுவில், வெள்ளவத்தைக் கடற்கரை மணலில், ஒரு வயது ரிஷாத் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு தத்தித் தத்தி வந்தான்.

மொண்டிசோரி பாலர் பள்ளி வாசலில் நின்று ஷபீகா டீச்சர் அதைப் பாதிவரை பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.

"றுஷ்னா, இது என்ன, பூமி அதிர்ச்சி நேரம் எடுத்ததா?"

"இல்ல டீச்சர். எங்கட உம்மா எடுத்தது."

டீச்சர் கண்களைத் திறந்தார். றுஷ்னாவின் உம்மா இப்போது இல்லை என்பது அவருக்குத் தெரியும். உம்மா மௌத்தாகி ஒரு நோன்புப் பெருநாள் போய், அடுத்ததும் போய்விட்டது. பதினொரு வயது றுஷ்னாதான் இப்போது தம்பி ரிஷாத்தை மொண்டிசோரிக்குக் கூட்டி வந்து கூட்டிப் போகிறாள்.

சனிக்கிழமை மொண்டிசோரியின் கொன்சேர்ட். ஒவ்வொரு பிள்ளையும் மேடைக்கு வரும்போது, அந்தப் பிள்ளை குழந்தையாக இருந்தபோது எடுத்த வீடியோவைப் பெரிய திரையில் போடுவார்கள்.

"பெரிய திரையில போட்டா இன்னும் மோசமா ஆடும் மகள்," என்றார் டீச்சர். "போன வருஷம் இப்பிடி ஒன்டைப் போட்டு, முன் வரிசையில ஈந்த ஒரு வாப்பா வாயைப் பொத்திக்கொண்டு வெளிய ஓடினார். அவருக்கு மோந்து பாக்க நாங்க தேசிக்காய் தேடி ஓடினோம். ரிஷாத்துட நல்ல ஃபோட்டோ ஒன்டு தாங்கோ. அதைப் போடுவம்."

அதுவரை சப்பாத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த ரிஷாத் நிமிர்ந்தான்.

"எனக்கு ஃபோட்டோ வேணாம். அந்த வீடியோதான் வேணும்."

"அது ஆடுது மகன்."

"ஆடட்டும். அதுதான் வேணும்."

அவன் உதடு பிதுங்கத் தொடங்கியது. றுஷ்னாவுக்கு அந்த உதட்டைத் தெரியும். அது பிதுங்கினால் வரும் அழுகை கொழும்புக் காலி வீதி முழுக்கக் கேட்கும்.

"டீச்சர், ஆட்டத்தை நிப்பாட்டித் தந்தாப் போடுவீங்களா?" என்று கேட்டாள்.

"ஆடாட்டிக் கட்டாயம் போடுவன். ஆனா நாளைக்குக் காலையில கையில தரணும்."

"தாறன்," என்றாள் றுஷ்னா. கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வருகிறேன் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

வீடியோ வெட்டி ஒட்டுவது அவளுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, கீழ்மாடிச் சிநேகிதி ரதியின் மாமாவுடைய கல்யாணம், ரதி வீட்டுப் பூனை குட்டி போட்டது எல்லாம் அவள் கையால் வெட்டியவைதான். ஆடும் வீடியோவை மட்டும் இதுவரை நிறுத்தியதில்லை. அது ஒரு பெரிய காரியமாக அவளுக்குப் படவில்லை.

பின்னேரம் வாப்பாவின் பழைய லெப்டொப்பைத் திறந்தாள். சூடானால் அது முச்சக்கர வண்டிபோல் இரையும். ரதியும் மேலே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்புடிடி நிப்பாட்டுவ? ஆணி அடிப்பியா?"

"கிட்டத்தட்ட அதுதான்," என்றாள் றுஷ்னா. "இந்த ப்ளக்-இன் ஒரு குட்டிப் புரோகிராம், ஒவ்வொரு படமாப் பாக்கும். ஆடக்கூடாத சாமான் ஒன்டைப் பிடிச்சுக்கொள்ளும். அது வலப்பக்கம் போனா, முழுப் படத்தையும் இடப்பக்கம் தள்ளும். மேல போனாக் கீழ தள்ளும். அப்ப அது ஒரே இடத்தில நிக்கும்."

"அப்புறம் இது என்னா, கவிதை மாதிரி கொஞ்ச வரி?"

"அது ஸ்கிரிப்ட். எவ்வளவு தள்ளணும், ஓரத்தை என்ன செய்யணும் என்டு ப்ளக்-இன்னுக்குச் சொல்றது."

றுஷ்னா அழுத்தினாள். லெப்டொப் இரைந்தது. நீலக் கோடு மெதுவாக நீண்டு முடிந்தது. இருவரும் திரைக்குக் கிட்டப் போனார்கள்.

தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு ரிஷாத்துக்குப் பின்னால் ரயில் வந்தது. வந்த ரயில் திரையின் நடுவில் அப்படியே நின்றது. தண்டவாளம், தொடர்மாடிகள், மணல், ரிஷாத் எல்லாம் சேர்ந்து திரையை விட்டு வெளியே ஓடிப்போயின.

ரதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னாடி இது! ரயிலு நிக்குது, வெள்ளவத்தை ஓடுது! ரிஷாத்து எந்த ஸ்டேசன்ல எறங்குறான்?"

"இரத்மலானையில," என்றாள் றுஷ்னா. அவளுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

ஆனால் பிழை எங்கே என்று உடனே விளங்கிவிட்டது. படத்திலேயே பெரியதும் தெளிவானதும் ரயில்தான். ப்ளக்-இன் மணலை விட்டுவிட்டு ரயிலைப் பிடித்துக்கொண்டது. பாவம், ரயில் ஓடும் என்று அதற்கு யார் சொன்னார்கள்?

றுஷ்னா சொன்னாள். ரயில் வரும் இடத்தைச் சுற்றி ஒரு கோடு கீறி, 'இதற்குள் பார்க்காதே' என்று குறித்தாள். மறுபடியும் அழுத்தினாள்.

இந்த முறை கடற்கரை நின்றது. தண்டவாளம் நேராகக் கிடந்தது. தொடர்மாடிகள் நல்ல பிள்ளைகளாக நிமிர்ந்து நின்றன. ரயில் தன் பாட்டில் ஓடிப் போனது. ரிஷாத் மட்டும் தத்தித் தத்தி வந்தான்.

அந்த நேரம் பார்த்து வாப்பா வேலை முடிந்து வந்தார். அவர் பெயர் அலவி, ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் யார்ட்டில் வேலை. அதிகம் பேச மாட்டார். நின்றபடியே பார்த்தார்.

"நல்லா ஈக்கி மகள். எங்கட யார்ட் கிரேன் கூட இவ்வளவு நேரா நிக்காது."

றுஷ்னா உள்ளறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "தம்பி, ஓடி வாங்கோ! உங்கட வீடியோ ரெடி!"

ரிஷாத் வந்து வாப்பாவின் மடியில் ஏறினான். முகத்தில் சிரிப்போடு பார்க்கத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் சிரிப்புக் குறைந்தது. குனிந்து திரையின் கீழ் விளிம்பைப் பார்த்தான். பிறகு லெப்டொப்பைத் தூக்கி அதற்கு அடியிலும் பார்த்தான்.

"உம்மா எங்க?"

றுஷ்னா அவன் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"உம்மா இதில இல்லையே தம்பி," என்றாள் றுஷ்னா மெதுவாக. "உம்மாதானே எடுத்தவ."

"ஈக்கிறா! கீழ நின்டவ. கறுப்பா. நான் உம்மாட்டதானே நடந்த!"

அவன் விரல், திரை முடிகிற இடத்தைத் தாண்டி, வெறும் விசைப்பலகையில் நின்றது.

றுஷ்னா பழைய வீடியோவைத் திறந்தாள். எத்தனையோ முறை பார்த்த வீடியோ. ஒரு நாளும் கீழ்ப்பக்கத்தைப் பார்த்ததில்லை. அங்கே கறுப்பாக ஏதோ ஒன்று துள்ளித் துள்ளி வந்து வந்து மறைந்தது. வீடியோவை நிறுத்தினாள்.

அது ஒரு நிழல். முக்காடு போட்ட தலை. தோள். கடலுக்குள் இறங்கப் போகும் சூரியன் உம்மாவின் முதுகுப் பக்கம் இருந்திருக்கிறது. உம்மாவின் நிழல் ரிஷாத்தை நோக்கி மணலில் விழுந்திருக்கிறது.

"இப்ப எங்கடி போச்சு அது?" என்று ரதி காதுக்குள் கேட்டாள்.

"வெட்டுப்பட்டுட்டு. படத்தை அங்க இங்க தள்ளினா ஓரம் காலியாகும். அது தெரியாம ஈக்க, ப்ளக்-இன் படத்தைப் பெருசாக்கி நாலு பக்கத்தையும் வெட்டும். அதோட உம்மாவும்..."

ரிஷாத் வாப்பாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "இது வேணாம்," என்று சட்டைக்குள் இருந்து சத்தம் வந்தது.

வாப்பா அவன் தலையைத் தடவினார். "பரவாயில்ல மகள். பழையதை நாங்க வீட்டில பாப்பம். டீச்சருக்கு ஃபோட்டோவைக் குடுப்பம்."

"இல்ல வாப்பா," என்றாள் றுஷ்னா. "வீடியோவும் ஆடக்கூடாது, உம்மாவும் ஈக்கணும். ரெண்டும் ஏலும்."

ஸ்கிரிப்டைத் திறந்தாள். ஓரத்தைப் பற்றிய வரியைத் தேடிப் பிடித்தாள். 'வெட்டு' என்று இருந்ததை 'வைத்திரு' என்று மாற்றினாள். இனி ப்ளக்-இன், காலியாகும் மூலைகளில், முந்திய படத்தில் அதே இடத்தில் இருந்த மணலை எடுத்து வைக்கும். பெருசாக்கும் எண்ணைப் பூச்சியம் ஆக்கினாள். கடைசியாகப் படச் சட்டத்தைக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் நீட்டினாள், நிழல் தாராளமாக நிற்கட்டும் என்று.

"மூலையில ஒட்டுப்போட்ட மாதிரி தெரியுமேடி," என்றாள் ரதி.

"தெரியட்டும். ஆரு மூலையைப் பாக்கப் போறாங்க?"

லெப்டொப் முன்னைவிடச் சத்தமாக இரைந்தது. ரதி ஒரு பள்ளிக் கொப்பியை எடுத்து அதற்கு விசிறினாள். நீலக் கோடு முடிந்தது.

மணல் நின்றது. தண்டவாளம் நின்றது. அசைந்தவை மூன்றே மூன்றுதான். ரயில், ரிஷாத், நிழல்.

எல்லாம் ஆடியபோது நிழலும் சேர்ந்து ஆடியது. அதனால் அது என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது மணல் நின்றதும் நிழல் தனியாகத் தெரிந்தது. அதன் ஒரு கை மடங்கி, முகத்துக்கு முன்னால் ஃபோனைப் பிடித்திருந்தது. மற்றக் கை முன்னால் நீண்டிருந்தது. அந்தக் கையின் விரல்கள் மடங்கி விரிந்தன. வா, வா, வா. தோள்கள் குலுங்கின. உம்மா சிரித்திருக்கிறார்.

குழந்தை ரிஷாத் அந்தக் கையைப் பார்த்து நடந்து வந்து, சரியாக நிழலுக்குள் பொத்தென்று உட்கார்ந்தான். வீடியோ முடிந்தது.

பெரிய ரிஷாத் சட்டைக்குள் இருந்து வெளியே வந்திருந்தான். "பாத்தீங்களா? நான் சொன்னேனே!"

வாப்பா வீடியோவைத் திரும்ப ஓட்டி, அந்த நீண்ட கையில் நிறுத்தினார்.

"ஃபோனை ரெண்டு கையாலயும் பிடிங்க, ரெண்டு கையாலயும் பிடிங்க என்டு உங்கட உம்மாக்கு எத்தின தரம் சொல்லியிருப்பன்," என்றார்.

"நல்ல காலம், கேக்கல்ல," என்றாள் றுஷ்னா.

வாப்பா சிரித்தார். அவர் சிரித்து நாளாகிவிட்டதால், ரிஷாத் திரும்பி அவர் வாயைத் தொட்டுப் பார்த்தான்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. ரிஷாத்துக்கு நண்டு வேடம். சிவப்பு அட்டையில் செய்த இரண்டு பெரிய கொடுக்குகள். பக்கவாட்டில் நடந்து வந்து, கும்பலோடு நின்று, ஒரு பாட்டுப் பாட வேண்டும். ஒரு வாரமாகப் பழக்கியிருந்தார்கள்.

அவன் மேடைக்கு வந்ததும் திரையில் வெள்ளவத்தைக் கடற்கரை தெரிந்தது. அது அசையவில்லை. யாரும் வாயைப் பொத்தவில்லை. ஷபீகா டீச்சர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த முறை தலைசுற்றலால் அல்ல.

ரிஷாத் ஒரு கொடுக்கைத் திரைப் பக்கம் நீட்டினான். "அது எங்கட உம்மா!" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "என்னைக் கூப்பிடுறா!"

வீடியோ முடிந்தும் அவன் நகரவில்லை. டீச்சர் சபையைப் பார்த்தார்.

"இன்னொரு தரம் போடட்டா?"

"ஓம்!" என்று முதலில் கத்தியது ரதி. பிறகு எல்லோரும்.

மறுபடியும் கடற்கரை வந்தது. நிழல் கையை நீட்டியது. திரையில் குழந்தை நடக்கத் தொடங்க, மேடையில் நண்டும் நடந்தது. பழக்கியதுபோலப் பக்கவாட்டில் அல்ல. கொடுக்குகளைத் தூக்கிக்கொண்டு, நேராகத் திரையின் அடிக்கு. இரண்டு ரிஷாத்தும் ஒரே நேரத்தில் போய், உம்மாவின் நிழலுக்குள் பொத்தென்று உட்கார்ந்தார்கள்.