மேற்கே பார்த்த எலும்புக்கூடு

குகைக்குள் மூன்றாவது எலும்புக்கூடு சிரித்துக்கொண்டு கிடந்தது.

அந்தச் சிரிப்பில் ஒரு கடைவாய்ப் பல் மட்டும் சாம்பல் நிறத்தில் மினுங்கியது.

எமிலியா மிஸ் தூரிகையைக் கீழே வைத்தார். சிலாபத்துக்காரி. பாதி ஆயுளைப் பழைய எலும்புகளோடு கழித்தவர். எதற்கும் பதறாதவர்.

“ஸம்ஹா... ஆதி மனுசன்ட காலத்தில கரைத்தீவுப் பக்கம் பல் டொக்டர் இருந்தாரா?”

“இல்ல மிஸ்.”

“அப்ப இவருக்கு யார் பல் அடைச்சது?”

அகழ்வில் உதவிக்கு இருந்த அந்த ஊர்ப் பெண் ஸம்ஹா டோர்ச்சை எலும்புகளின் மேல் நகர்த்தினாள்.

முதலில் கிடைத்த இருவரும் உண்மையான ஆதிவாசிகள். முழங்காலை நெஞ்சோடு மடக்கி, செங்காவித் தூள் தூவி, பக்கத்தில் சிப்பி வைத்துப் புதைக்கப்பட்டவர்கள். இந்த மூன்றாவது ஆள் அப்படியில்லை. உடல் நீட்டிக் கிடந்தது. வலது பக்கம் சரிந்து... தலை வடக்கே... முகம் மேற்கே!

எமிலியா மிஸ்ஸுக்கு அது வெறும் கிடப்பு. ஸம்ஹாவுக்கு அப்படியில்லை. இறந்தவரின் மையித்தை, மக்கா இருக்கும் கிப்லாப் பக்கம் முகம் வைத்து அடக்குவது இப்படித்தான்.

அவள் இடது கை எலும்புகளைப் பார்த்தாள். சுண்டுவிரலின் நுனி இல்லை. மண்ணைச் சலித்தாள். மறுபடியும் சலித்தாள். கிடைக்காது... அந்த விரல் உயிரோடு இருக்கும்போதே துண்டாகி, முனை மழுங்கி ஆறியிருந்தது.

அந்த விரலை அவளுக்குத் தெரியும்.

வாப்பா!

வாப்பா மீராசாஹிப்பின் சுண்டுவிரல் நுனியை உப்பளத்துப் பம்பின் பட்டி தின்றது. அதற்குப் பிறகு, ஸம்ஹாவுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, ஆளே காணாமல் போனார். வேறொரு பெண்ணோடு வள்ளம் ஏறி இந்தியா போய்விட்டார் என்று ஊர் தீர்ப்பு எழுதியது. அன்றிலிருந்து உம்மா ‘புருஷன் ஓடிப்போன லெய்லா’. பள்ளிக்கூடத்தில் ஸம்ஹா ‘ஓடிப்போனவர்ட மகள்’.

அவர் ஓடவில்லை. பின்மண்டையில் ஒரு வெடிப்போடு இங்கேயே படுத்திருக்கிறார்.

பொலிசுக்குச் சொல்ல வேண்டும் என்று எமிலியா மிஸ் போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடி மேட்டில் ஏறினார்.

யார்?

கொன்றவன் யாராக இருந்தாலும், கொன்ற பிறகு கிப்லா பார்த்துப் படுக்கவைத்திருக்கிறான். அல்லாஹ்வுக்குப் பயந்த கொலைகாரன்!

குகைக்கு வெளியே பாலை மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதில் ஸாஜித் ஹாஜியார். காணி அவருடையது. வாப்பா வேலை செய்த உப்பளமும் அவருடையது. விரல் போன அன்று இருவருக்கும் பெரிய சண்டை. இப்போது தினமும் வந்து குகை வாசலையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

ஏன்?

ஸம்ஹா மறுபடியும் எலும்புக்கூட்டைப் பார்த்தாள். அகழ்வுக்காக வடக்குத் தெற்காக இழுத்துக் கட்டிய நூல். அந்த நூலோடு ஒட்டியபடி முதுகெலும்பு. முகம் நேர் மேற்கு. போனில் கிப்லாவைப் பார்த்தாள். அம்புக்குறி மேற்கிலிருந்து நன்றாக வலப்பக்கம் சரிந்து நின்றது.

படுக்கவைத்தவனுக்குக் கிப்லா பிழை!

நேர் மேற்கே பார்த்துத் தொழுகிறவன் யாரோ... அவன்தான்.

மாலைத் தொழுகையான அஸர் நேரம். ஸம்ஹா தொழுகை விரிப்பான முஸல்லாவை எடுத்துவந்து பாலை மரத்தடியில் விரித்தாள். வேண்டுமென்றே நேர் மேற்காக.

ஹாஜியார் கை கால் கழுவி உளூ செய்துவிட்டு வந்தார். முஸல்லாவைப் பார்த்தார். காலால் அதன் தலைமாட்டை வலப்பக்கம் தள்ளினார்.

“என்ன மகள், மண்ணையெல்லாம் நூல் புடிச்சு அளக்கிறீங்க. கிப்லாவை அளக்கத் தெரியாதா?”

“மேற்குத்தானே ஹாஜியார்?”

“அது பழைய கதை. சுனாமிக்கு முந்தியே கொம்பஸ் வச்சுப் பார்த்துப் பள்ளிவாசல்ல தொழுகை வரிசையெல்லாம் சரிச்சாச்சு. மையவாடியில அடக்கிறதும் அப்படித்தான். அண்டைக்கு மற்றத் தலைப்பில கயிறு புடிச்சவரே உங்கட வாப்பாதானே.”

ஸம்ஹாவின் சந்தேகம் கால் தடுக்கி விழுந்தது.

“அப்ப ஊரில எல்லாருக்கும் தெரியுமா?”

“பள்ளிக்கு வாற எல்லாருக்கும் தெரியும்.”

“நீங்க ஏன் ஹாஜியார் ஒவ்வொரு நாளும் இங்க வந்து இருக்கிறீங்க?”

“உங்கட உம்மாதான் சொன்னா. குகைக்குள்ள ஜின் இருக்காம். புள்ளய ஆழமாத் தோண்ட விடாதீங்க எண்டு.”

அவர் தக்பீர் கட்டித் தொழுகையில் நின்றார். ஸம்ஹா நடக்கத் தொடங்கினாள்.

பள்ளிக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும்...

அப்படியானால் பள்ளிக்கு வராத பெண்களுக்கு?

அகதி முகாமில் இருந்த காலத்திலிருந்தே உம்மா குகையைச் சுற்றிய பற்றைக்காட்டில்தான் விறகு வெட்டினாள். தள்ளுவண்டியில் கொண்டுவந்து விற்றாள். குகையில் ஜின் இருப்பதாக ஊருக்கு முதலில் சொன்னதும் உம்மாதான்.

வீட்டு வாசலில் அந்தத் தள்ளுவண்டி துருப்பிடித்துச் சாய்ந்து நின்றது.

உள்ளே உம்மா பிந்திய அஸர் தொழுதுகொண்டிருந்தாள். முஸல்லா சுவரோடு ஒட்டிக் கிடந்தது. ஸம்ஹா போனைப் பார்த்தாள். நேர் மேற்கு. ஒரு விரல்கூட வலப்பக்கம் சரியவில்லை.

உம்மா ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பினாள்.

“உம்மா... கிப்லா மாறி எவ்வளவோ காலமாச்சு.”

“யார் மாத்தின?”

“பள்ளியில. வாப்பாதான் கயிறு புடிச்சாராம்.”

உம்மா முஸல்லாவை மெதுவாக மடித்தாள். அவளுடைய இடது மணிக்கட்டு வளையாது. கிணற்றடியில் விழுந்ததாகத்தான் ஸம்ஹா கேட்டு வளர்ந்திருந்தாள்.

“வீட்டில வந்து ஒரு வார்த்த சொல்லல்லயே, அந்த மனுசன்.”

“அப்ப கிணத்தடியில விழுந்த எண்டது...”

“என்ட கைய முறிச்சதோட நிண்டிருந்தா விட்டிருப்பன் மகள். உன்ட கையப் புடிச்சு முறுக்கினார். உலக்கதான் கிட்ட இருந்தது.”

ஸம்ஹா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். ஒழுங்காக வளைந்தது.

வாசலில் பிரேக் சத்தம். ஜீப்!

எலும்புக்கூடு என்றதும் பொலிசார் ஊரில் காணாமல் போனவர் யார் என்று விசாரித்திருக்கிறார்கள். முதல் பெயரே மீராசாஹிப். இன்ஸ்பெக்டர் வாசலில் தொப்பியைக் கழற்றினார்.

“புருஷன் இந்தியாவுக்கு ஓடிப்போன லெய்லாவின் வீடு இதுவா?”

ஸம்ஹா உம்மாவை மறைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

உம்மா அவளை மெல்ல விலக்கினாள். முக்காட்டைச் சரிசெய்தாள். தள்ளுவண்டியைத் தாண்டி ஜீப்பை நோக்கி நடந்தாள்.

“ஊர்க்கதைய நம்பாதீங்க சேர். அவர் இந்தியாவுக்கெல்லாம் போகல்ல. ஒரு தள்ளுவண்டி தூரம்தான்.”